போவதும் மீள்வதும்

கோலி சோடாப் புட்டியைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். கோலி கழுத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரையில் உள்ளே ஒரு குமிழிகூட எழுவதில்லை. ஜலம் பரம சாதுவாக இருக்கிறது. கோலியை உள்ளே தள்ளியவுடன்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும். அப்படியானால் அதற்கு முன் புட்டிக்குள் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்துகொண்டுதான் இருந்தது. ஜலத்திலிருந்து வாயு ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தது; மேலிருந்த வாயுவும் அதே வேகத்தில் ஜலத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. திருவிழாக் காலத்தில் கோயிலுக்குள் போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நிமிஷத்துக்கு நிமிஷம் சம எண்ணிக்கையாக இருந்தால், பிராகாரத்துக் கூட்டம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது அல்லவா? இதையே ரஸாயன சாஸ்திரிகள் சமநிலை என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஓய்வு என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு வேகங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டும் நிலை அது. இந்த வேகங்களுக்குக் கணக்கு வகுத்தவர்கள் குல்ட்பெர்க், வாகே என்ற இரு நார்வே தேசத்தார், வருஷம் 1864.

இந்தக் கணக்கை அறியாததனால் பணத்தை வாரி இறைத்தவர்கள் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரும்பு முதலாளிகளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. உலையின் உச்சியிலிருந்து வெளிவரும் புகையில், இரும்புக் கல்லைச் சுத்தி செய்ய வேண்டிய கார்பன் மானாக்ஸைடு வாயு வேலை செய்யாமலே ஏராளமாகத் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. வாயுவும் கல்லும் கூடியிருக்க அவகாசம் போதவில்லை போலும் என்று கருதி, சுமார் 100 அடி உயரத்துக்கு உலைகளைக் கட்டினார்கள். தப்பிய வாயு அணுவளவும் குறையவில்லை! அந்தக் கிரியை இருவழிப் பாதை. சமநிலை வந்தபின் கோபுரம் கட்டினாலும் மேலே நகராது. இந்தக் கதையை எடுத்துச் சொன்னவர் லெ ஷாடேலியர் என்ற பிரெஞ்சுக்காரர். சமநிலையிலுள்ள ஒன்றை நாம் வற்புறுத்தினால், அது அந்த வற்புறுத்தலைத் தணிக்கும் பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும் என்ற விதியை 1884-இல் கண்டவரும் அவரே. கோலியைத் தள்ளி அழுத்தத்தைக் குறைக்கிறோம். குறைந்ததை ஈடு செய்யவே வாயு பொங்கி வருகிறது.

இனி, நம் சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் கசக்கி, மயங்கினவர் மூக்கில் காட்டுவது நம் பாட்டிமார் வைத்தியம். மூளைவரை ஏறும் அந்த நெடிதான் அம்மோனியா. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடினால் இரண்டு பங்கு அம்மோனியா. நைட்ரஜன் நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. ஆனால் பயிர் அதை அப்படியே உண்ணமாட்டாது. ஐரோப்பியர் வயல்களுக்குத் தென் அமெரிக்காவின் சிலி தேசத்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். அது தீர்ந்துவிட்டால் கோதுமை உண்ணும் ஜாதியார் பட்டினியைக் காண நேரும் என்று 1898-இல் இங்கிலாந்தின் ஸர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

காற்றிலுள்ள நைட்ரஜனையே அம்மோனியாவாக்கினால் என்ன? இங்கேதான் வேகமும் சமநிலையும் ஒன்றுக்கொன்று பகையாகி நின்றன. இந்தச் சேர்க்கையில் உஷ்ணம் வெளிப்படுகிறது. ஆகவே குளிர்ச்சியான நிலையில்தான் சமநிலை அம்மோனியாவின் பக்கம் சாயும். ஆனால் குளிர்ச்சியில் கிரியையின் வேகமோ பூஜ்யம்! சித்திரையில் உச்சி வேளைக்குள் திரிந்துவிடும் பால் மார்கழியில் மாலைவரை தாங்குவதை அறியாத இல்லத்தரசி உண்டா? உஷ்ணம் குறைந்தால் வேகம் குறையும். அதிலும் நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பவை. அவற்றைப் பிரிப்பது எளிதன்று. சூட்டை ஏற்றினாலோ, வேகம் வரும். உண்டான அம்மோனியா மறுபடி உடைந்துபோகும். சாதாரண அழுத்தத்தில் 500 டிகிரி உஷ்ணத்தில் நிலைத்து நிற்பது ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

மீதமுள்ள வழி அழுத்தம். நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குவதால், அமுக்க அமுக்க அம்மோனியா மிகும். விதி கண்ட லெ ஷாடேலியரே 1901-இல் இதைச் செய்து பார்த்தார். கருவிக்குள் காற்று கலந்துவிட்டதால் அது வெடித்தது. அவருடைய உதவியாளர் மயிரிழையில் உயிர் தப்பினார். முயற்சியைக் கைவிட்டார். தம் விஞ்ஞான வாழ்க்கையில் செய்த பெரும் பிழை அதுவே என்று பிற்காலத்தில் வருந்தினார்.

அவர் விட்ட இடத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஆசிரியர் பிரிட்ஸ் ஹாபர் தொடங்கினார். காற்று மண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் 500 டிகிரியில் நூற்றுக்கு 18 பங்கு அம்மோனியா நிற்கும் என்று கணக்கு காட்டிற்று. 200 டிகிரியாயின் 86 பங்கு! ஆனால் அந்தக் குளிரில் கிரியை நடவாதே. ஆகவே வேகத்துக்கு ஓர் ஊக்கி தேவைப்பட்டது. ஊக்கி என்பது கல்யாணத் தரகரைப் போன்றது. இரு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டுத் தான் மாறாமல் வெளியே வந்துவிடும். ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும். ஊக்கி போகும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் ஒருங்கே கூட்டுமேயன்றி, சமநிலையை ஒரு இம்மியும் நகர்த்தாது. சீக்கிரம் கொண்டு சேர்க்கும். அதிக தூரம் கொண்டு போகாது.

1909 ஜூலை 2-ஆம் தேதி, பி.ஏ.எஸ்.எப். கம்பெனியார் பார்க்க வந்திருந்தபோது கருவியின் மறையாணி ஒன்று தெறித்துவிட்டது. மணிக்கணக்காகத் தாமதம். பெரியவர் கார்ல் பாஷ் காத்திருக்க மாட்டாமல் புறப்பட்டுவிட்டார். உடனிருந்த மிட்டாஷ் தங்கினார். அம்மோனியா துளித்துளியாகச் சொட்டுவதைக் கண்டார். ஆனால் ஹாபர் கையாண்ட ஊக்கியோ ஆஸ்மியம், உலகில் மிக அரிய உலோகம். மலிவான ஒன்றைத் தேடி மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சரக்குகளைச் சோதித்தார். முடிவில் ஸ்வீடன் தேசத்து இரும்புக் கல் ஒன்று வெற்றி தந்தது. சிறிது அலுமினியச் சத்தும் பொட்டாஷும் கலந்த இரும்பு. பாஷுக்கு வேறு தலைவலி. ஹைட்ரஜன் எஃகின் கரிச்சத்தைத் தின்றுவிட, குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. உள்ளே மெல்லிரும்பு உறையிட்டு, வெளிக் குழாயில் சிறு துளைகள் இட்டு, கசிந்த வாயு வெளியேற வழி செய்தார். 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கிற்று. ஒரு சுற்றில் சிறு பங்குதான் கூடும். அதைக் குளிர்வித்துத் திரவமாக எடுத்துவிட்டு, கூடாத வாயுவை மீண்டும் உள்ளே அனுப்பினார்கள். உண்டானதை உடனுக்குடன் எடுத்துக்கொண்டேயிருந்தால் சமநிலை ஏது?

மறு வருஷமே யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் கப்பற்படை சிலியின் உப்பை மறித்தது. பயிருக்கென்று பிறந்த அம்மோனியா ஜெர்மனியின் வெடிமருந்தாக மாறிற்று. ஹாபரோ அதோடு நில்லாமல், 1915 ஏப்ரல் 22-இல் ஈப்ர் போர்முனையில் குளோரின் விஷவாயு விடுவதைத் தாமே முன்னின்று நடத்தினார். தாமும் ரஸாயனம் கற்றவரான அவர் மனைவி கிளாரா, பத்து நாளைக்குள் கணவரின் துப்பாக்கியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1918-ஆம் வருஷத்து நோபல் பரிசு ஹாபருக்குக் கிடைத்தது. எந்தத் தேசத்துக்காக இவ்வளவும் செய்தாரோ அந்தத் தேசத்தில், யூத குலத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் 1933-இல் இடமில்லாமற் போய், மறு வருஷம் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார்.

அந்த இரும்பு ஏன் வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. நைட்ரஜன் அணுக்கள் இரும்பின் மேற்பரப்பில் பிரிவதுதான் மிக மந்தமான படி என்பதை நுணுகிக் காட்டிய கெர்ஹார்ட் எர்டல் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். நம் தேசத்தில் ஆலுவாய் அருகே 1947-இல் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, வேண்டிய ஹைட்ரஜனுக்காக விறகிலிருந்தே வாயு எடுத்தார்கள். 1951-இல் பீகாரின் சிந்திரியில் பெரிய ஆலை வந்தது. இன்று உலகம் ஆண்டொன்றுக்குச் செய்யும் அம்மோனியா 15 கோடி டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி வயலுக்குப் போகிறது.