நிலம்தான் இருக்கிறதே, பிறகென்ன நஷ்டம்?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 52 வயது. இரண்டு ஏக்கர் இறவை நிலம், நான்கு கறவை மாடுகள். நான்கு மாதங்களுக்கு முன்பு விடியற்காலையில் மொபெட்டில் பால் கேனோடு சங்கத்துக்குப் போனவரை, பின்னால் வந்த மினி லாரி மோதித் தள்ளியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. இப்போது லாரி உரிமையாளர் தரப்பில் ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, 75,000 ரூபாய் தருவதாகவும், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்படியும் பேசுகிறார்கள். ‘சம்பளச் சீட்டு இல்லை. நிலமும் மாடும் அப்படியே இருக்கின்றன. என்ன வருமானம் போய்விட்டது என்று கோர்ட்டில் காட்டுவீர்கள்?’ என்று அவர்கள் கேட்டதற்கு, அந்தக் குடும்பத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் முதல் வேலை. கொடுங்காயம் அடைந்தவர், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே 2.5 லட்சம் ரூபாய் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. லாரி ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்து உண்மையான இழப்பு முழுவதையும் கேட்பதற்கு 166-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படியிருக்க, 75,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுப்பது பெரும் நஷ்டம்.

கெடு ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், அவற்றை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வாசகரின் அப்பாவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. ‘பேசி முடிக்கலாம்’ என்று நாள் கடத்தினால், நஷ்டம் இந்தக் குடும்பத்துக்குத்தான்.

மனுவை விபத்து நடந்த ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து பற்றிக் காவல்துறையும் 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவை போய்விட்டனவா என்று காவல் நிலையத்தில் கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து இரண்டு காகிதங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்று, எஃப்.ஐ.ஆர். லாரியின் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றொன்று, மருத்துவமனையில் முதன்முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு. பதற்றத்தில் கூட வந்தவர் யாராவது ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தால், டியூட்டி டாக்டர் அதையே எழுதியிருப்பார். ‘தானே விழுந்தார், லாரி மோதவில்லை’ என்று இன்ஷூரன்ஸ் தரப்பு வாதாட அந்த ஒரு வரி போதும். அப்படி எழுதப்பட்டிருந்தால் விபத்தை நேரில் பார்த்தவரின் சாட்சி மிக முக்கியம். அந்த நேரத்தில் பால் ஊற்ற வந்தவர்கள், டீக்கடைக்காரர் என்று யார் பார்த்தார்கள் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலம் உழைக்காது

‘நிலம்தான் இருக்கிறதே’ என்ற வாதத்துக்கு இன்ஷூரன்ஸ் தரப்பு காட்டுவது உச்ச நீதிமன்றத்தின் 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை. விபத்தில் ஒரு விவசாயி இறந்துபோன வழக்கு அது. நிலம் வாரிசுகளிடமே இருப்பதால், சம்பளக்காரர் வருமானத்தைப் போல விவசாய வருமானம் முழுவதும் போய்விட்டதாகக் கணக்கிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால், விவசாயத்தைக் கவனிக்க இனி ஆள் வைக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே ‘நிலத்தின் விளைச்சல் போய்விட்டது’ என்று கேட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். ‘நிலத்தில் நானே செய்த வேலைக்கும் மேற்பார்வைக்கும் இப்போது கூலி கொடுக்கிறேன், செய்ய முடியாததை விட்டுவிட்டேன்’ என்று கணக்கோடு கேட்க வேண்டும். அப்பா பார்த்த தண்ணீர் பாய்ச்சும் வேலைக்கு இப்போது யார்? மருந்தடிக்க, களை வெட்ட, புல் அறுக்க எத்தனை ஆள், என்ன கூலி? ஒரு நோட்டில் தேதி போட்டு, ஆளின் பெயர், வேலை, கொடுத்த கூலி என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்தால், நாளைக்கு அதுவே சான்று. ஆள் இல்லாமல் மாட்டை விற்றிருந்தால் அதையும் எழுத வேண்டும்.

விவசாயியிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஆனால் வேறு சீட்டுகள் நிறைய இருக்கின்றன. பால் சங்க அட்டையும், பால் பணம் ஏறிய வங்கிக் கணக்குப் புத்தகமும் முதன்மையானவை. விபத்துக்கு முந்தைய ஓராண்டு எத்தனை லிட்டர், பிந்தைய மாதங்களில் எத்தனை லிட்டர் என்று பக்கத்தில் பக்கம் வைத்தாலே இழப்பு தெரிந்துவிடும். சங்கச் செயலாளரைச் சாட்சியாகவும் அழைக்கலாம். இவற்றோடு சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் நிலைய ரசீது, ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, கரும்பு ஆலைப் பட்டுவாடாச் சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் கணக்கு, உழவர் சந்தை அட்டை என்று எது இருந்தாலும் எடுத்து வைக்க வேண்டும்.

ரசீதே இல்லாவிட்டாலும் வழக்கு தோற்றுவிடாது. 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், காலை இழந்த காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்று எதுவும் இல்லை. அமைப்புசாராத் தொழில் செய்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, அவரது மாத வருமானத்தை 6,500 ரூபாய் என நீதிமன்றமே எடுத்துக்கொண்டது.

ஊனம் வேறு, உழைப்பிழப்பு வேறு

மருத்துவ வாரியம் தரும் ஊனச் சான்றில் ஒரு விழுக்காடு இருக்கும். வருமான இழப்பும் அதே விழுக்காடுதான் என்று பலர் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். அது தவறு. 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. இடது கை போன ஒருவரின் உடல் ஊனம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 விழுக்காடு. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம்.

விவசாயிக்கும் இதுதான் அளவுகோல். சேற்றில் இறங்க வேண்டும், வரப்பில் நடக்க வேண்டும், மருந்து டேங்கை முதுகில் சுமக்க வேண்டும், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும். இவற்றை ஒற்றைக் காலோடு எந்த அளவுக்குச் செய்ய முடியாது என்று டாக்டரும் சாட்சி சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டவரும் விவரமாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன காய்கறி வியாபாரிக்கு 85 விழுக்காடு உழைப்பிழப்பு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

கணக்கு எப்படிப் போகும்? மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர் 50-லிருந்து 60 வயதுக்குள் இருந்தால், எதிர்கால உயர்வாக 10 விழுக்காடு சேர்ப்பார்கள். அப்போது மாதம் 13,200, ஆண்டுக்கு 1,58,400 ரூபாய். 51 முதல் 55 வயது வரையுள்ளவர்களுக்குப் பெருக்கும் எண் 11. ஆக 17,42,400 ரூபாய். உழைப்பிழப்பு 80 விழுக்காடு என்றால் 13,93,920 ரூபாய். 60 விழுக்காடு என்றே நின்றுவிட்டால் 10,45,440 ரூபாய். மூன்றரை லட்சம் வித்தியாசம் அந்த ஒரு சாட்சியத்தில் இருக்கிறது.

மருத்துவச் செலவு, போக்குவரத்து, கூட இருந்து கவனித்தவரின் கூலி, வலி வேதனை ஆகியவற்றைத் தனியாகக் கேட்கலாம். செயற்கைக் காலை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2022-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றும் செலவையும் பராமரிப்புச் செலவையும் கணக்கில் எடுத்தது. எனவே மனுவிலேயே இதைச் சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெற்றதால் மற்ற இழப்புகள் இல்லாமல் போய்விடாது.

லைசென்ஸ், வக்கீல், சமரசம்

அப்பாவிடம் லைசென்ஸ் இல்லையே என்று பயந்து வழக்கே போடாத குடும்பங்கள் உண்டு. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவர் காரணமாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது.

மருத்துவமனை வாசலிலேயே ‘வாங்கித் தருகிறோம், இத்தனை பங்கு’ என்று பேசும் தரகர்களிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளைக் கொடுக்கக் கூடாது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிகள் தடை போடுகின்றன. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மாற்றுத்திறனாளி என்ற முறையில் வாசகரின் அப்பாவுக்கு இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

சமரசமே கூடாது என்பதல்ல. மனு போட்ட பிறகு லோக் அதாலத்தில் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகை முடிந்த முடிவு, அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அங்கே தலையாட்டக் கூடாது.

மோதிய வண்டி நிற்காமல் போய், கடைசிவரை எது என்றே தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்கு வருவாய்த் துறையில் மனு கொடுக்க வேண்டும்.

விழுப்புரம் வாசகருக்கு அந்த நிலை இல்லை. லாரியும் தெரியும், உரிமையாளரும் வீடு தேடி வந்திருக்கிறார். இந்த வாரமே பால் அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, கூலி நோட்டு ஆகிய நான்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் படியேறிவிடலாம். அடுத்த முறை பெரியவர்கள் வந்தால், ‘மனு போட்டாயிற்று, அங்கே பேசிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் போதும்.