எந்த மேட்டுப்பாளையம்? (அல்லது 4326 என்னும் சர்வரோக நிவாரணி)

மேட்டுப்பாளையம் என்றால் பாதிப் பேருக்கு ஊட்டி ரயில்தான் ஞாபகம் வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு தொழிற்பேட்டையும் வரிசையாக நிற்கும் லாரிகளும் ஞாபகம் வரும். இரண்டு பேரும் சொல்வது சரிதான். பெயர் மட்டும் போதாது, எந்தப் பக்கத்து மேட்டுப்பாளையம் என்றும் சொல்ல வேண்டும். பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம், பைத்தானில் செயற்கைக்கோள் படம் திறக்கிற பலருக்கு மட்டும் ஏனோ உறைப்பதில்லை!

நடப்பது இதுதான். யாரோ பென்டிரைவில் ஒரு டிஃப் கோப்பு தருகிறார்கள். ராஸ்டெரியோவில் திறந்து சிஆர்எஸ் என்னவென்று கேட்டால் 'நன்' என்கிறது. அதாவது படம் இருக்கிறது, ஆனால் அதன் எண்கள் பூமியில் எந்த அளவுமுறைப்படி எழுதப்பட்டவை என்ற தகவல் இல்லை. உடனே கூகிளில் தேடி, ஈபிஎஸ்ஜி 4326 என்று ஒரு வரி எழுதிவிட வேண்டியது. எரர் போய்விடும். படம் வந்துவிடும். ப்ராஜெக்டும் சப்மிட் ஆகிவிடும்.

எரர் போவதும் தவறு போவதும் ஒன்றா என்ன?

காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு பில்லில் 5,000 என்று மட்டும் இருக்கிறது, ரூபாயா டாலரா என்று இல்லை. "டாலர் என்று எழுதிவிடு, கணக்கு டேலி ஆகிவிடும்" என்று ஒரு அக்கவுண்டன்ட் சொன்னால் அவரை வேலையில் வைத்துக்கொள்வார்களா? சிஆர்எஸ்ஸை ஒட்டுவது நாணயத்தின் பெயரை எழுதுவது. ரீப்ரொஜெக்ட் செய்வது ரூபாயை டாலராக மாற்றுவது. முதலாவதில் எண் மாறாது, இரண்டாவதில் மாறும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதி வியாதி.

புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளலாம். யூடிஎம் முறையில் பூமியை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும் 44-ஆவது மண்டலம். மாஹே மட்டும் 43. ஒரே யூனியன் பிரதேசம், இரண்டு மண்டலம்! மாஹே படத்தில் சிஆர்எஸ் இல்லை, "புதுச்சேரிதானே" என்று 44-ஐ ஒட்டினால், மாஹே சரியாக ஆறு டிகிரி கிழக்கே நகர்ந்து வங்காள விரிகுடாவில் மிதக்கும். புதுச்சேரிக்கு 43 போட்டால் அது அரபிக்கடலில் போய் விழும். இரண்டு மேட்டுப்பாளையமும் இப்படித்தான். கோவைப் பக்கத்தது 43, புதுச்சேரியில் இருப்பது 44.

இதாவது கடலில் விழுவதால் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. இந்திய சர்வே துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் டேட்டம் என்ற பழைய கணக்கில் வரையப்பட்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுமக்களுக்கான வரிசை டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறியது. ஒன்றை இன்னொன்றாக நினைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகலாம். திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

நூறு மீட்டர் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் புதுச்சேரி மேப்பை ஒருமுறை பார்க்கட்டும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிற பிரதேசம் இது. ஊசுட்டேரியே இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. நூறு மீட்டர் தள்ளினால் ஒருவருடைய வயல் வேறொரு அரசாங்கத்தின் பட்டியலுக்குப் போய்விடும்.

"காலேஜ் ப்ராஜெக்ட்தானே, யாருக்கு நஷ்டம்?" என்பது அடுத்த வாதம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கே தண்ணீர் நின்றது என்று காட்ட இந்த மாதிரிப் படங்கள்தான் உதவும். இன்று 4326 ஒட்டிப் பழகிய கை, நாளை வேலைக்குப் போய் வெள்ள நிவாரண மேப் போடும்போது மட்டும் திருந்திவிடுமா?

பல சமயம் தகவல் தொலைந்திருக்காது, தேடப்பட்டிருக்காது, அவ்வளவுதான். சென்டினல்-1 படங்களில் சிஆர்எஸ் 'நன்' என்று வரும். ஆனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு அது உள்ளேயே இருக்கும். லேண்ட்சாட்டில் கூடவே வரும் எம்டிஎல் கோப்பில் மண்டல எண் இருக்கும். எண்களே கூட துப்பு கொடுக்கும். புதுச்சேரிக்கு கிழக்கு மதிப்பு 79.8 என்றால் டிகிரி, சுமார் 3,72,000 என்றால் 44-ஆவது மண்டல யூடிஎம், 89 லட்சத்தை ஒட்டி என்றால் வெப் மெர்கேட்டர். டிகிரி என்று தெரிந்தாலும் டேட்டம் எது என்று தெரியாது. அதற்குக் கோப்பு கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கொடுப்பவர்களும் யோக்கியம் இல்லை. ராஸ்டெரியோவில் திறந்து, ஓப்பன்சிவியில் வெட்டி, அதிலேயே சேமித்தால் இடத் தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். அதை அப்படியே நாலு பேருக்கு அனுப்புவது கையெழுத்து இல்லாத செக் கொடுப்பது மாதிரி.

ஆதாரம் கிடைத்தால் ஒட்டுங்கள், எதை வைத்து ஒட்டினீர்கள் என்று கூடவே எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் 'நன்' என்றே இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தையாவது உண்மை பேசுகிறது.

டிஸ்கி: 4326 மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. டிகிரியில் இருக்கிற டபிள்யூஜிஎஸ் 84 கோப்புக்கு அதைத் தாராளமாகப் போடலாம் :-)