வீட்டுப் பள்ளி: விலைக் கணக்கும் ஓர் எழுத்தும்

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் தாய்மார்களுள் பலர், பிள்ளைகள் இயற்கணிதப் புத்தகத்தைக் கொணர்ந்தால், "இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ள கணக்கு எனக்கு எங்கே விளங்கப்போகிறது?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டுவதில்லை. காய்கறிக் கடையில் அவர்கள் நாள்தோறும் மனத்தால் போடும் கணக்கே அது.

ஒரு வினாவைக் காண்போம். தக்காளியின் விலை வெங்காயத்தின் விலையைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் மிகுதி. 2 கிலோ தக்காளியும் 3 கிலோ வெங்காயமும் வாங்க 170 ரூபாய் ஆயிற்று. ஒவ்வொன்றின் விலை யாது?

தாய் என்ன சொல்வாள்? "இரண்டு கிலோ தக்காளிக்கு இருபது ரூபாய் கூடுதல். அதை நீக்கினால் நூற்றைம்பது. அது ஐந்து கிலோ வெங்காயத்தின் விலை. ஆகவே வெங்காயம் முப்பது, தக்காளி நாற்பது" என்பாள்.

பிள்ளை ஏட்டில் எழுத வேண்டுவதும் இதுவே. அறியாத விலைக்கு 'வெ' என்று பெயரிடுக. அது வெங்காயத்தைக் குறிப்பதன்று. ஒரு கிலோ வெங்காயத்தின் விலையைக் குறிப்பது. தக்காளியின் விலை வெ + 10. ஆகவே,

3வெ + 2(வெ + 10) = 170
5வெ + 20 = 170
5வெ = 150
வெ = 30

அடைப்புக்குறியை விட்டு 2வெ + 10 என்று எழுதுவதே பிள்ளைகள் பெரிதும் செய்யும் பிழை. அப்போது வெங்காயம் 32, தக்காளி 42 என்று வரும். அவ்விலைக்கு வாங்கினால் 96 + 84 = 180 ரூபாய் ஆகும்; நாம் கொடுத்ததோ 170. கிடைத்த விடையைக் கொண்டு மீண்டும் ஒருமுறை கடைக்குச் சென்று வந்தால், பிழை தானே வெளிப்படும்.

அறியா எண்ணுக்குப் பெயரிடும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியார் தம் பீஜகணிதத்தில் அதனை 'யாவத்தாவத்' என்றார். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது பொருள். அந்நூலில் வரும் குதிரைக் கணக்கொன்றே இம்மாதப் பயிற்சி: ஒருவனிடம் 300 ரூபாயும் 6 குதிரைகளும் உள. மற்றொருவனிடம் அதே விலையுள்ள 10 குதிரைகள் உள. ஆனால் 100 ரூபாய் கடனும் உண்டு. இருவர் செல்வமும் சமம். ஒரு குதிரையின் விலை என்ன?

பிள்ளை எழுதத் தொடங்குமுன், வினாவைத் தமிழில் ஒருமுறை சொல்லக் கேளுங்கள். பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

(விடை அடுத்த இதழில்)