இணையதளத்திற்குத் தரவுத்தளம் இன்றியமையாததா?

ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தின் இணையதளத்தில் இடம்பெறுபவை யாவை? நிலையத்தின் வரலாறு, பணியாளர் பட்டியல், ஆண்டறிக்கைகள், மாதந்தோறும் சேரும் இரண்டோர் அறிவிப்புகள் ஆகியவையே. இத்துணைச் சிறிய பொருளைத் தாங்குவதற்கும் தரவுத்தளம் ஒன்றை நிறுவி, அதற்கெனக் காவலும் பராமரிப்பும் ஏற்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. குடம் நீர் இறைக்க ஏற்றம் அமைப்பதை ஒத்தது இவ்வழக்கம்.

2003இல் வெளிவந்த வேர்டுபிரஸ் போன்ற முறைகளில் கட்டுரைகள் யாவும் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. வாசகர் ஒரு பக்கத்தைக் கோரியதும், மென்பொருள் அவ்வட்டவணைகளை வினவிப் பக்கத்தைத் தொகுத்து அளிக்கிறது. கோப்பு முறையிலோ ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பேயாகும். 2014இல் வெளிவந்த கிராவ் என்னும் முறை இதற்குத் தக்க சான்று. கோப்பின் முகப்பில் தலைப்பு, தேதி முதலிய குறிப்புகள் இருக்கும். அவற்றின் கீழ், 2004இல் ஜான் குருபர் வெளியிட்ட மார்க்டவுன் குறியீட்டு முறையில் கட்டுரை அமையும். கோப்புறைகளின் வரிசையே பக்கங்களின் வரிசையாகிறது.

இம்முறையின் நன்மைகள் பல. இணையதளம் முழுவதையும் பிரதி எடுப்பது ஒரு கோப்புறையைப் பிரதி எடுப்பதேயாகும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் சாதனத்துடன் இணைத்துவிட்டால், எந்த வரியை யார், எப்பொழுது மாற்றினர் என்பது பதிவாகும். தவறு நேரின் பழைய வடிவத்தை மீட்கவும் இயலும். இந்திய மொழிகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. 2018இல் 8.0 பதிப்பு வெளிவரும்வரை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பான எழுத்துமுறை லத்தீன் எழுத்துகளுக்கு உரியதாகவே இருந்தது. நிறுவியவர் அதனை மாற்றத் தவறின், தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகிவிடும். யூனிகோடில் எழுதிய கோப்பினையோ எவரும் நேரே திறந்து படித்துச் சரிபார்க்கலாம்.

பாதுகாப்பும் கருதத்தக்கது. 2014 அக்டோபர் 15ஆம் நாள், ட்ரூபல் 7 மென்பொருள் தரவுத்தளத்தை வினவும் பகுதியில் பெருங்குறை ஒன்று இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்திற்குள் திருத்தப்படாத தளங்கள் யாவும் பகைவர் கைப்பட்டனவாகவே கருதப்பட வேண்டுமென அதன் பாதுகாப்புக் குழுவினரே பின்னர் எச்சரித்தனர். தரவுத்தளம் இல்லாத இடத்தில் இவ்வகைத் தாக்குதலுக்கு இடமில்லை. ஆயினும் கோப்பு முறை தீங்கே அணுகாத கோட்டையன்று. கிராவின் நிர்வாகப் பகுதியிலும் 2021இல் கடுமையான குறையொன்று வெளிப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டது. ஆகவே எம்முறையை மேற்கொண்டாலும் காலந்தவறாத புதுப்பித்தல் கடமையேயாகும்.

எல்லாப் பணிகளுக்கும் கோப்பு முறை ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் ஒரே வேளையில் பதிவு செய்யும் இரயில் முன்பதிவு போன்றவற்றிற்கும், இலட்சக்கணக்கான பதிவுகளைப் பலவாறு வகைப்படுத்தித் தேடுவதற்கும் தரவுத்தளமே தக்கது. படிப்போர் பலராயும் எழுதுவோர் சிலராயும் உள்ள இடமே கோப்பு முறைக்கு உரிய இடம்.

இணையதளத்தை அமைக்கும் நிரலர் என்றும் உடனிருப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பதற்கில்லை. அவர் வேறு பணிக்குச் சென்றபின், அட்டவணைகளின் உட்பொருளை அறியாத அலுவலகம் திகைத்து நிற்கிறது. பல ஆண்டு உழைப்பின் பயன் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாமற் போகிறது. எழுத்துக் கோப்புகளோ, அவற்றை இயக்கிய மென்பொருள் மறைந்த பின்னரும் படிக்கத்தக்கனவாகவே நிற்கும். எனவே புதிய தளம் அமைக்க முற்படும் நிலையங்கள், எந்தத் தரவுத்தளம் வேண்டும் என்று வினவுவதற்கு முன், தரவுத்தளம் வேண்டுமா என்று வினவுவதே அறிவுடைமையாகும்.