தோற்றவரும் மறுபடி ஆடட்டும்

எங்கள் விடுதியில் ஆண்டுதோறும் நண்பர்கள் 16 பேர் கூடி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ போட்டி நடத்துகிறோம். 1991இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. எங்களைவிட வயதில் மூத்தது! அதிலுள்ள எட்டு வீரர்களில் இந்தியர் தால்சிம் ஒருவரே. கைகால்களை நீட்டி அடிக்கும் யோகி. முதல் பதிப்பில் இருவரும் ஒரே வீரரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே, தால்சிம் யாருக்கு என்பதில்தான் முதல் சண்டையே.

சென்ற ஆண்டு நாக் அவுட் முறை. 16 பேருக்கு 15 ஆட்டங்களே போதும். ஆனால், எட்டுப் பேர் ஒரே ஆட்டத்தோடு எழுந்துவிட்டனர். சற்று நேரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்கள். பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவர்கள்.

இவ்வாண்டு நால்வர் கொண்ட நான்கு குழுக்கள். குழு ஆட்டங்களே 24 ஆகிவிட்டன, நள்ளிரவு தாண்டியது. இருப்பினும், எல்லாரும் மூன்று முறையாவது ஆடினர்.

அடுத்த ஆண்டு கட்டணம், கேடயம், மீண்டும் நாக் அவுட் என்று சிலர் கூறுகின்றனர். நான் உடன்படவில்லை. பணம் கட்டச் சொன்னால் கெட்டிக்காரர்கள் மட்டுமே பெயர் கொடுப்பார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத தம்பி ஒருவன் நம் கூட்டங்களில் வாய் திறக்கவே கூசுவான். அன்றிரவு, “அண்ணே, விடாதீங்க, அடிங்கண்ணே!” என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். அவன் உச்சரிப்பை யாரும் திருத்தவில்லை. மூன்று ஆட்டங்களிலும் தோற்றான். அடுத்த ஆண்டு தால்சிம் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.