கட்டில் இலவசம், படுத்தால் செலவு

"அரசாங்க ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம்தானே, பிறகேன் காப்புறுதி?" எண்டு கேட்கிறவர்கள் ஒரு கிழமை வார்ட்டில் நிண்டு பாருங்கோ. கட்டிலுக்கும் டொக்டருக்கும் காசில்லை, உண்மைதான். ஆனால் அங்கே இல்லாத மருந்தை வெளியில், பாமசியில் வாங்க வேணும். 2022இல் அது எப்பிடி இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, பஸ் காசு வேறை. எல்லாத்தையும்விடப் பெரிய இழப்பு, போன நாட்சம்பளம்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாளுக்கு இவ்வளவு என்று காசு தரும் காப்புறுதிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை யாரிடம் இருக்கின்றன? அரச உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' உண்டு. பெரிய கம்பனிகள் தங்கட ஆக்களுக்கு எடுத்துக் குடுக்கும். இவர்களுக்குச் சுகயீன லீவும் உண்டு. படுத்த அண்டைக்கே வருமானம் நிண்டுபோகிற மேசனுக்கும் கடற்றொழிலாளிக்கும் வீட்டிலிருந்து தைக்கிற அக்காவுக்கும்தான் ஒண்டுமில்லை.

"அவையும் பொலிசி எடுக்கலாம்தானே" எண்டு சொல்லாதேங்கோ. மாதாமாதம் பிரிமியம் கட்ட, மாதாமாதம் வருமானம் வேணும். முந்தியே இருந்த வருத்தத்துக்குப் பெரும்பாலும் காசு தரவும் மாட்டினம்.

இலவச வைத்தியத்தை நாங்கள் விட்டுக்குடுக்கக் கூடாது. ஆனால் அது கட்டிலோடு நிண்டால் பாதிதான். அரச உத்தியோகத்தருக்கு அரசாங்கம் ஒரு காப்புறுதி நடத்த ஏலுமெண்டால், நாட்சம்பளக்காரருக்கும் நடத்த ஏலும். அதுவரைக்கும், வருத்தம் மாறமுதல் துண்டு வெட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவரிடம் "இலவசம்" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் இருக்கக்கூடாது.