சனி, ஞாயிறுப் படிப்பு

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற வழக்கு மட்டக்களப்பில் மாரிக்கு மாரி எழும். வயல் மூழ்குகிறது, இன்றைக்கே வெட்டுங்கள் என்பார் படுவான்கரை விவசாயி. அவசரப்பட்டு வெட்டினால் வாவித் தண்ணீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்பார் தோணிக்காரர். இருவருக்கும் பதில் சொல்லும் மேசையில் ஓர் இளம் பொறியியலாளரும் உட்கார்ந்திருப்பார். குளங்களிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது, வாவி எவ்வளவு தாங்கும், வெட்டினால் எத்தனை மணித்தியாலத்தில் வடியும் என்ற கணக்கெல்லாம் நான்கு வருடப் பட்டப்படிப்போடு கைவந்துவிடுவதில்லை. உத்தியோகத்தை விடாமல் மேலே படிக்க அவர் நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது. எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலருக்குக் கால் வழுக்குகிறது.

நம் பிள்ளைகள் முதலில் கேட்பது ‘எந்தக் கம்பஸ்?’ என்றுதான். மொரட்டுவ என்றால் ஒரு மதிப்பு, பேராதனை என்றால் ஒரு மதிப்பு. பெயருக்காகவே வெள்ளி இரவு ரயிலேறி, சனியும் ஞாயிறும் வகுப்பிலிருந்து, திங்கள் காலை தூக்கக் கண்ணோடு கந்தோருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் தவணை உற்சாகத்தில் ஓடிவிடும். பிறகு வெள்ளம் வரும், வேலைத்தளத்தில் அவசரம் வரும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கட்டிய காசு போக, பாதியில் நின்ற படிப்பு மட்டும் மிஞ்சும். (கலியாணப் பேச்சில் ‘எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருக்கிறார்’ என்பதற்கு இருக்கும் மவுசு தனிக் கதை. அது பாதியில் நின்றாலும் குறைவதில்லை.)

வெளிநாடு போக உதவும் என்று சேருகிறவர்கள் காசு கட்டுமுன் விதியைப் படிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் திறன் குடியேற்றப் புள்ளிக் கணக்கில் இளமாணிக்கு 15, முதுமாணிக்கும் அதே 15, கலாநிதிப் பட்டத்துக்குத்தான் 20. பிரித்தானியாவில் பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கோ முதுமாணி அளவுக் கல்வியை எதிர்பார்க்கிறார்கள். ஓரிடத்தில் பயன் தருவது இன்னோரிடத்தில் வெறும் தாள்.

இங்கேயே இருக்கப்போகிறவர் பார்க்க வேண்டியது வேறு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒன்பதாம் மட்ட முதுமாணி 30 கிரெடிட், பாடநெறி மட்டும். பத்தாம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது. சுருக்கமாக முடியுமே என்று பலர் முதலாவதைப் பிடிக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது எங்கள் கட்சி. வகுப்பு எங்கே நடந்தாலும் ஆய்வை வாவிக் கரையிலேயே செய்யலாம். 1924இல் கட்டிய கல்லடி லேடி மானிங் இரும்புப் பாலத்தை உப்புக்காற்று எப்படித் தின்றிருக்கிறது? காத்தான்குடியின் மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கையில் நிலத்தடி நீரை எப்படிக் காப்பது? உன்னிச்சைக் குளத்து நீரை வயலுக்கும் குடிநீருக்கும் எப்படிப் பங்கிடுவது? அன்றாடம் கையிலிருக்கும் கோவையே ஆய்வாகிவிட்டால், படிப்புக்கென்று தனியாகத் திருட வேண்டிய நேரம் பாதியாகும். ஊருக்கும் ஒரு விடை கிடைக்கும்.

தொழில் பார்த்துக்கொண்டே படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றபின் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பரீட்சைக்குத் தயாராகி 1920இல் தேறினார். அவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். அன்று படித்த பௌதிகமும் கணிதமும் 1947இல் யாழ் நூலாக விளைந்தன. பண்டைய யாழின் சுரங்களைக் கணக்கிட்டுத் தேடியவருக்கு, பட்டம் பெயருக்குப் பின்னால் போடும் எழுத்தாக மட்டும் நின்றுவிடவில்லை.

அவரை லண்டன் தன் வாசலுக்கு வரச் சொல்லவில்லை என்பதையும் நம் பல்கலைக்கழகங்கள் கவனிக்கட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மொரட்டுவவோ பேராதனையோ இவற்றோடு கைகோர்த்து, மாதத்தில் இரு வாரஇறுதிகளாவது மட்டக்களப்பிலேயே வகுப்பு நடத்த என்ன தடை? ஒரு விரிவுரையாளர் இங்கே வருவது, இருபது பொறியியலாளர் அங்கே போவதைவிடச் சிக்கனம். ஆய்வுக்கு இரண்டு மேற்பார்வையாளர், அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்றால் இன்னும் நல்லது.

திணைக்களங்களுக்கும் ஒரு சொல். வேலையிலிருப்பவர் படிக்க விண்ணப்பிக்கும்போது மேலதிகாரியின் சம்மதக் கையொப்பம் கேட்கப்படுவதுண்டு. சந்தோஷமாகப் போட்டுக்கொடுப்பவரே, அடுத்த மாதம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் அதே பொறியியலாளரைக் கூப்பிடுகிறார். மழை அளவு, குள நீர்மட்டம், பாலப் பரிசோதனை அறிக்கை என்று ஆய்வுக்குத் தரவு கேட்டால், மேலிடத்து அனுமதி வரட்டும் என்று கோவையை மூடுகிறார். கையொப்பத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதட்டும்: படிப்பு முடியும்வரை வாரஇறுதியில் அழைக்க மாட்டோம், கேட்கும் தரவைத் தருவோம்.